விடுமுறைத் திரையிடலுக்கு எந்த மாயப்படம்?

எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலை சார்பில் டிசம்பர் விடுமுறைக்கு ஒரு படம் போடுவது என்று முடிவாகிவிட்டது. புரொஜெக்டர் இரவல் கிடைக்கும். வெள்ளைத் துணி கோயில் மண்டபத்திலேயே இருக்கிறது. என்ன படம் என்பதில்தான் இழுபறி. வரப்போகிறவர்கள் தரம் 8 முதல் 11 வரை படிக்கிற பிள்ளைகள். 13 முதல் 16 வயது. மாயாஜாலக் கதையாக இருக்கட்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை, ஏனென்றால் அடிதடிப் படங்களை அவர்கள் கைபேசியில் தாங்களாகவே பார்த்துக்கொள்கிறார்கள். குழுவில் அடிபட்ட பெயர்கள் ஆறு. ஆறையும் பார்த்தவன் என்ற உரிமையில் என் கணக்கை எழுதி வைக்கிறேன். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் இதே யோசனையில் இருப்பவர்களுக்கும் பயன்படலாம்.

நம் பிள்ளைகளுக்கு மாயக்கதை புதிதென்று நினைத்துக்கொண்டு படம் தேடினால் தவறான இடத்தில் போய் நிற்போம். மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றினால், மன்மதன் அம்பு விடுவதும், சிவன் நெற்றிக்கண் திறப்பதும், ரதி தலைவிரித்து அழுவதும் லயத்து வரிசை வீடுகளில் வளர்கிற பிள்ளைகளுக்கு நாக்கில் இருக்கிற கதை. மன்மதன் எரியப்போகிறான் என்று தெரிந்துகொண்டே விடியும்வரை விழித்திருக்கிறார்கள். அம்பு விட்டவன் எரிகிறான், அவனைச் சார்ந்தவள் அழுகிறாள். செய்த காரியத்துக்குக் கூலி கண்முன்னே கொடுக்கப்படுவதால்தான் அந்தக் கூத்து ஆளை உட்கார வைக்கிறது. பதின்ம வயதினருக்கான மாயப்படத்தையும் நான் இதே அளவுகோலில்தான் நிறுத்துகிறேன். மந்திரம் எவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்பது இரண்டாம்பட்சம். அதைப் பயன்படுத்துகிற பிள்ளை என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது, பெரியவர்கள் கைவிட்ட இடத்தில் அந்தப் பிள்ளை என்ன முடிவெடுக்கிறது, இவைதான் கதையை நடத்துகின்றன. இன்னொரு சின்னச் சோதனையும் உண்டு: படம் பார்த்த பிள்ளை மறுநாள் பார்க்காத தம்பிக்கு வாயாலேயே அதைச் சொல்லிவிட முடிய வேண்டும்.

இந்தச் சோதனையில் முதலில் விழுவது ‘தி கோல்டன் கொம்பஸ்’ (2007). எனக்கு மனக்குறைதான். அந்த உலகில் மனிதரின் ஆன்மா உடலுக்கு வெளியே ஒரு விலங்காகக் கூடவே நடமாடுகிறது. சிறுவயதில் அது பூனையாகும், பூச்சியாகும், பறவையாகும். பருவம் வந்ததும் ஒரே வடிவத்தில் நிலைத்துவிடும். வளர்வதைப் பற்றி இதைவிடக் கூர்மையான கற்பனை இந்த ஆறில் வேறெதிலும் இல்லை. காட்சி நுட்பத்துக்கு ஒஸ்காரும் கிடைத்தது. ஆனால் பிலிப் புல்மனின் 1995ஆம் ஆண்டு நாவலின் கடைசி அத்தியாயங்களைப் படமாக்கிய பிறகு, அவற்றை அடுத்த பாகத்துக்கென்று வெட்டி ஒதுக்கிவிட்டார்கள். அடுத்த பாகம் வரவேயில்லை. கதையின் உச்சியே இல்லாத படத்தைப் போட்டுவிட்டு, “பிறகு என்ன நடந்தது, சேர்?” என்று கேட்கிற பிள்ளைக்கு என்ன சொல்வது? 2019 முதல் 2022 வரை மூன்று பருவங்களாக வந்த தொலைக்காட்சித் தொடர் முழுக்கதையையும் சொல்கிறது, ஆனால் அது ஒரு மாலைப்பொழுதுக்குள் அடங்காது.

‘பேர்ஸி ஜெக்சன்’ முதற்படத்துக்கு (2010) இளைஞர்கள் பக்கம் ஆதரவு அதிகம். ஹரி பொட்டரின் முதல் இரண்டு படங்களை எடுத்த கிறிஸ் கொலம்பஸ்தான் இதையும் இயக்கினார். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. கிரேக்கக் கடல் தேவனுக்கு மனிதப் பெண்ணிடம் பிறந்தவன் பேர்ஸி. வாசிக்கப் போனால் எழுத்துகள் அவன் கண்முன் மிதக்கும். மூளை பழைய கிரேக்கத்துக்குப் பழகியதாக இருப்பதுதான் காரணம் என்று பின்னால் தெரியவருகிறது. கடைசி வாங்கில் உட்கார வைக்கப்பட்டு, இவனுக்குப் படிப்பு ஏறாது என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைக்கு இந்த ஒரு செய்தி போதும், படம் முழுக்க நிமிர்ந்து உட்காருவான்.

சிக்கல் வேறெங்கோ இருக்கிறது. தேவர்களுக்குப் பிறந்து அப்பன் முகம் தெரியாமல் வளர்ந்தவர்களின் கதையில் நம் பிள்ளைகளை எளிதில் ஏமாற்ற முடியாது. அவர்களுக்குக் கர்ணனைத் தெரியும். அருச்சுனன் தபசைக் கூத்தாகப் பார்த்திருக்கிறார்கள். பெற்றவரே ஏன் விட்டுவிட்டார் என்ற கேள்வி ஒருவனின் ஆயுளையே தின்னும் என்பது அவர்கள் கேட்டு வளர்ந்த கதை. இந்தப் படத்தில் தந்தை கடைசியில் வந்து சில வரிகளில் காரணம் சொல்கிறார், மகன் சமாதானமாகிவிடுகிறான். ரிக் ரியோர்டனின் நாவலில் 12 வயதுச் சிறுவனாக இருப்பவனைப் படத்தில் பெரிய பையனாக்கியதில் அவன் தடுமாற்றமும் பாதி போய்விட்டது. பார்த்தவரைக் கல்லாக்குகிற மெடூசாவை நேரே பார்க்காமல் ஒரு கருவியின் பளபளப்பான முதுகில் பார்த்துச் சண்டையிடுகிற காட்சிக்கு மண்டபம் கைதட்டும். கைதட்டலோடு எல்லாம் தீர்ந்துவிடும்.

நார்னியா வரிசையின் முதற்படம் (2005) மரியாதைக்குரிய தேர்வு. இரண்டாம் உலகப்போரில் லண்டனில் குண்டு விழுகிறது. தாய் தன் நான்கு பிள்ளைகளையும் ரயிலேற்றித் தெரியாத ஊருக்கு அனுப்புகிறாள். அந்த ரயில் மேடைக் காட்சியில் நம் மண்டபத்தில் பலருக்குத் தொண்டை அடைக்கும். அம்மா வெளிநாட்டில் வேலை செய்ய, அம்மம்மாவிடமோ சித்தியிடமோ வளர்கிற பிள்ளைகள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். அலமாரிக் கதவுக்குப் பின்னால் முடிவில்லாத பனிக்காலம். நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது வெறும் அழகாகத் தெரியாது. தை மாதத்தில் உறைபனி விழுந்தால் கொழுந்து கருகும், கொழுந்து கருகினால் வேலைநாள் குறையும். வெள்ளைச் சூனியக்காரியின் கொடுமை என்னவென்று விளக்கவே வேண்டாம். எட்மண்ட் ஒரு பெட்டி இனிப்புக்காக உடன்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுப்பதும், அதற்கு இன்னொருவர் உயிரால் ஈடு கட்டுவதும் என் அளவுகோலுக்குச் சரியாகப் பொருந்துகிற பகுதிகள்.

மற்ற மூவரும்தான் என்னை நெளியவைக்கிறார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே தீர்க்கதரிசனம் தயார், சிம்மாசனம் தயார். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். கடைசி அரை மணி நேரம் பெரும் போர். இப்படிப்பட்ட போரைப் பிள்ளைகள் எத்தனையோ படங்களில் பார்த்துவிட்டார்கள். 10, 11 வயதினருக்கு என்றால் நான் மறுபேச்சின்றி இதைப் போடுவேன். 15 வயதுப் பையன் கடைவாயில் சிரிப்பான்.

‘பிரிட்ஜ் டு டெரபித்தியா’ (2007) விஷயத்தில் எனக்கும் குழுவில் ஒரு டீச்சருக்கும் பெரிய வாக்குவாதம். கதைத்தரத்தில் இது மற்றவற்றுக்கு ஒரு படி மேலே என்கிறார் அவர். நானும் ஒத்துக்கொள்கிறேன். கெதரின் பேட்டர்சனின் 1977ஆம் ஆண்டு நாவல், மறு ஆண்டே நியூபெரி பதக்கம் பெற்றது. படத்தில் மாயம் மிகக் கொஞ்சம். ஏழைக் குடும்பத்துப் பையனும் புதிதாகக் குடிவந்த பெண்ணும் ஓடைக்கு அப்பால் தாங்களாகவே ஒரு இராச்சியத்தைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். அதற்குப் போக ஒரு கயிற்றைப் பிடித்து ஓடையைத் தாண்ட வேண்டும். மழைநாளில் ஓடை பெருகியிருக்கிறது. அவள் தனியாகப் போகிறாள். கயிறு அறுந்துவிடுகிறது.

2014 ஒக்டோபரில் மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளமும் மண்சரிவும் இப்போது இந்த மண்டபத்தில் உட்காரப்போகிற பிள்ளைகளே பார்த்தவை. மழை பெய்தால் ஓடையைத் தாண்டித்தான் பாடசாலைக்குப் போக வேண்டியவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். விளம்பரத்தில் இந்தப் படத்தை நார்னியா மாதிரியான சாகசமாகக் காட்டினார்கள். அதை நம்பி வருகிற பிள்ளைக்கு முன்னறிவிப்பில்லாமல் ஒரு சாவை எடுத்து நீட்டுவது நியாயமாகப் படவில்லை. வகுப்பறையில், பழகிய ஆசிரியரோடு, பிறகு பேச நேரம் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய படம். பண்டிகை மனநிலையில் 100 பேர் நெருக்கியடித்து உட்காரும் இடத்துக்கு வேண்டாம் என்று நான் சொன்னதை டீச்சர் கடைசியில் ஏற்றுக்கொண்டார், அரை மனதோடு.

மீதி இரண்டு. ஹயாவோ மியசாக்கியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001), அல்போன்சோ குவாரோன் இயக்கிய ஹரி பொட்டர் மூன்றாம் படம் (2004).

மியசாக்கியின் படம் 2002இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடியையும் மறு ஆண்டு ஒஸ்காரையும் பெற்றது. எங்கள் குழுவில் மூத்தவர்கள் எல்லோரும் இதன் பக்கம்தான். பத்து வயதுச் சிஹிரோவின் பெற்றோர், தமக்கென்று வைக்கப்படாத உணவை அள்ளித் தின்று பன்றிகளாகிவிடுகிறார்கள். தெய்வங்களும் ஆவிகளும் வந்து நீராடுகிற ஒரு பெரிய குளியல் விடுதியில் அவள் வேலை கேட்டு நிற்கிறாள். வேலை கிடைக்காதவர்களுக்கு அங்கே மனித உருவம் மிஞ்சாது. முதலாளியம்மா யுபாபா ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும்போதே அவள் பெயரையும் பறித்து வைத்துக்கொள்கிறாள். சொந்தப் பெயரை மறந்தவர் வீடு திரும்ப முடியாது. வேலையாட்கள் வரிசையாகப் படுக்கிற அறை, கீழே கொதிகலனோடு மல்லுக்கட்டுகிற ஆறு கைக் கிழவர், புதிதாக வந்தவளுக்கு முணுமுணுத்துக்கொண்டே வேலை கற்றுக்கொடுக்கிற அக்கா.

இதைப் பார்க்கிற மலையகத்துப் பெரியவருக்கு என்னென்ன தோன்றும் என்று சொல்லத் தேவையில்லை. கங்காணியிடம் கடன்பட்டு ஏறிவந்த பாட்டன், செக்ரோல் என்ற வேலைவரவுப் பதிவேட்டில் எழுதியவர் காதில் விழுந்தபடி திரிந்துபோன பெயர், 1948இல் சட்டம் ஒன்றால் நாடற்றவர்களான தலைமுறை. நாற்றமடித்துக்கொண்டு வருகிற ஓர் ஆவியின் விலாவிலிருந்து சைக்கிளையும் குப்பையையும் இழுத்துப்போட்டதும் அது ஒரு பெரிய ஆற்றின் தெய்வம் என்று தெரிகிற காட்சியில், மவுசாகலை நீர் வற்றும்போது தலைகாட்டுகிற பழைய மஸ்கெலியாக் கோயில் எனக்கு நினைவுக்கு வந்தது. அணையும் மின்நிலையமும் வந்த மலைகளில் தொலைந்த ஆற்றின் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. படத்தில் முழுக்க முழுக்கக் கெட்டவர் என்று யாரும் இல்லை. சிஹிரோ சண்டை போட்டு வெல்வதும் இல்லை. தரையைத் துடைக்கிறாள், சொன்ன சொல் காக்கிறாள், முகமற்ற ஆவி அள்ளி நீட்டுகிற பொன்னை வேண்டாம் என்கிறாள். வசனம் குறைவான இடங்கள் நிறைய என்பதால் மொழியும் பெரிய தடையாகாது.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் இதற்கு வாக்களிக்கவில்லை. மேலே நான் அடுக்கிய பொருத்தங்களில் எத்தனை பிள்ளைகளுடையவை? கடனும் செக்ரோலும் குடியுரிமையும் நம் தலைமுறையின் காயங்கள். ஜப்பானியப் படமொன்றில் அவற்றைக் கண்டு நமக்கு மெய்சிலிர்க்கிறது. 14 வயதுப் பிள்ளை காலையில் எழுந்தால் வேலைக்குப் போகிற அம்மாவைத்தான் பார்க்கிறது. விடுமுறை நாளில் அதற்குத் திரையிலும் வேலைத்தலத்தைக் காட்டி, “பார், நம் கதை மாதிரி இல்லையா?” என்று கேட்பது ஆசிரியர்களின் ஆசை. நம் வாழ்க்கையோடு பொருந்துகிறது என்பதற்காகப் படம் தேர்ந்தெடுக்கிற பழக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்றே தனியாக வைத்திருக்கிற ஒரு கஞ்சத்தனம் என்று எனக்குப் படுகிறது. கொழும்பில் படம் போடுகிறவர்கள் இந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. அதோடு சின்ன நடைமுறைத் தொல்லை ஒன்று: வரைந்த படம் என்று கண்டதும் தரம் 11 பையன்கள் “பொம்மைப் படம்” என்று எழுந்து வெளியே போய்விடுவார்கள். அவர்கள் போனால் தரம் 10ம் பின்னால் போகும்.

ஹரி பொட்டர் மூன்றாம் படம் தன் கட்டுமானத்தால் என்னை இழுக்கிறது. ஹரி வளர்வது பெரியம்மா வீட்டில், வேண்டாத பிள்ளையாக. இதுவும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த நிலைதான், ஆனால் படம் அதில் நின்று அழாமல் விரைவாகவே அவனை வீட்டைவிட்டு வெளியேற்றி, இரவில் தறிகெட்டு ஓடும் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறது. பிறகு ரயில். ஸ்கொட்லாந்தின் கிளென்ஃபினன் பாலத்தில் அது வளைந்து போகும்போது, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலமே இதைவிட அழகு என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். வரட்டும், உண்மைதானே. அந்த ரயிலுக்குள் சன்னல் கண்ணாடி உறைகிறது, விளக்கணைகிறது, மகிழ்ச்சியை உறிஞ்சுகிற உருவமொன்று கதவைத் திறக்கிறது. அது போனதும் ஆசிரியர் லூபின் செய்கிற முதல் வைத்தியம், பையன் கையில் ஒரு துண்டு சொக்லட் கொடுப்பது.

இந்தப் படத்தில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் உள்ளே ஒரு வேலை இருக்கிறது. பயத்தின் வடிவமெடுக்கிற பிராணியை விரட்ட அதைக் கேலிக்குரியதாக மாற்றிச் சிரிக்க வேண்டும். உறிஞ்சிகளை விரட்டுகிற ஒளிக்கு நிறைவான ஒரு நினைவு தேவை. அப்படி ஒரு நினைவைத் தனக்குள் தேடிப்பார்க்கிற ஹரிக்கு உடனே ஒன்றும் அகப்படுவதில்லை. கதையின் முடிச்சும் அங்கேதான் விழுகிறது. ஏரிக்கரையில் அவன் சாகக் கிடக்கும்போது அக்கரையில் யாரோ அந்த ஒளியை ஏவி அவனைக் காப்பாற்றுகிறார்கள். செத்துப்போன அப்பாதான் என்று நம்புகிறான். காலத்தில் பின்னால் போய், அதே இரவை மறைந்திருந்து இரண்டாம் முறை பார்க்கும்போது அப்பா வருவாரென்று காத்திருக்கிறான். யாரும் வரவில்லை. அக்கரையில் நின்றது தானேதான் என்று புரிந்து மந்திரக்கோலைத் தூக்குகிறான். முதற்சுற்றில் காரணம் தெரியாமல் விழுந்த கல்லும் கேட்ட ஊளையும் இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றாகக் கணக்குத் தீர்கின்றன. கதை கட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க இந்த அரை மணி நேரத்தைவிட நல்ல பாடம் இந்த ஆறு படங்களில் இல்லை. பிள்ளைகளோ அதைப் பாடமென்று உணராமலே, யார் எதைச் செய்தது என்று லயத்து வாசலில் நின்று சண்டை பிடிப்பார்கள்.

இழப்பும் உண்டு. என்னோடு வந்து இருக்கிறாயா என்று, அவன் பெற்றோர் பாதுகாவலராக வைத்த ஞானத்தந்தை கேட்கிறார். ஹரிக்கு ஒரு வீடு கிடைக்கப்போகிறது. அந்த இரவு முடிவதற்குள் அது கைநழுவிப்போகிறது. மந்திரம் அதை மீட்டுத்தரவில்லை.

நடிகர்கள் பற்றி ஆசிரியர்கள் இரசிக்கக்கூடிய செய்தி ஒன்று. குவாரோன் மூன்று இளம் நடிகர்களிடமும் தத்தம் பாத்திரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதித் தரச் சொன்னார். எம்மா வொட்சன் பக்கம் பக்கமாக எழுதினார், டேனியல் ரெட்கிளிஃப் ஒரு பக்கத்தோடு நிறுத்தினார், ரூபர்ட் கிரின்ட் எழுதவே இல்லை. மூவரும் கதைப்படியே நடந்துகொண்டார்கள் என்று இயக்குநருக்குத் திருப்தி. எங்கள் தரம் 9இலும் இதே மூவர் இருக்கிறார்கள்.

குறைகளை மறைக்க மாட்டேன். இது எட்டுப் படங்கள் கொண்ட வரிசையில் மூன்றாவது, முதல் இரண்டையும் பார்க்காத பிள்ளைக்குத் தொடக்கத்தில் தலைகால் புரியாது. பள்ளிக்குள் யார் எங்கே நடமாடுகிறார்கள் என்று காட்டுகிற மாய வரைபடத்தைச் செய்த நால்வர் யார் என்பதை நாவல் சொல்கிறது, படம் சொல்லாமலே போய்விடுகிறது. அதனால் ஹரியின் ஒளி ஏன் மான் வடிவில் வருகிறது என்பதும் விளங்காமல் நிற்கும். முதற்படத்தையே போட்டுவிடலாமே என்றால், அது 152 நிமிடம், பாதிக்கு மேல் அறிமுகம். மூன்றாவதின் நீளம் 142 நிமிடம். முன்கதையை ஒருவர் மைக்கைப் பிடித்துப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலைதான், எங்கள் ஊரில் அதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை.

மண்டபத்தில் பதின்ம வயதினர் மட்டும்தான் இருப்பார்கள் என்றால் என் வாக்கு இதற்கே. தம்பி தங்கைகளையும் பாட்டிமாரையும் வாசலில் நிறுத்த முடியாது, எல்லோரும் வந்தே தீருவார்கள் என்றால் நானே கட்சி மாறி மியசாக்கி பக்கம் போய்விடுவேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த உறிஞ்சிகளைக் காட்டிவிட்டு இருட்டில் வீட்டுக்கு அனுப்புவது சரியல்ல. அப்படியானால் தரம் 11 பையன்களைப் புரொஜெக்டர், ஒலிபெருக்கி, வயர் எல்லாவற்றுக்கும் பொறுப்பாக நிறுத்திவிடுங்கள். பொறுப்புக் கொடுத்தால் பொம்மைப் படமென்று எழுந்து போக மாட்டார்கள்.

ஹரி பொட்டர் என்று முடிவானால் ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கரைக்குத் தொடங்குங்கள். தோட்டத்தின் மேற்பிரிவுக்கு நடக்க வேண்டிய பெண்பிள்ளைகள் ஏழரைக்காவது புறப்பட வேண்டும். நல்ல தமிழ் ஒலிப்பதிவு கையில் இருக்கிறதா என்று முந்தின வாரமே முழுதாக ஓட்டிப் பாருங்கள். ஓடும் படத்தில் ஆங்கில எழுத்தைத் துரத்திப் படிக்க எல்லாப் பிள்ளைகளாலும் முடியாது. இடைவேளையை, தன் பெற்றோரைக் காட்டிக்கொடுத்தவன் அவர்களின் நண்பனே என்று ஹரி பனிமூடிய கிராமத்தில் கேள்விப்பட்டு அழுகிற இடத்தில் வையுங்கள். அது ஏறக்குறைய நடுப்பகுதி, தேநீரும் பணிஸும் கொடுத்து முடிக்கும்வரை ஒருவரும் வீட்டுக்கு நழுவ மாட்டார்கள். வரைபடக்காரர்கள் யாரென்று படம் முடிந்த பிறகு சொல்லலாம். காலத்தைத் திருப்புகிற சங்கிலியைப் பற்றி மட்டும் முன்கதை சொல்பவர் மறந்தும் வாய் திறக்கக் கூடாது.